சினோ மெசினுக்குத் தேங்காய் உடைத்த கதை

1

போன கிழமை இரத்தினம் மச்சாளின் கடிதம் வந்தது. எங்கள் ஊர் புளியங்கூடலில் இருந்து அல்ல. அங்கே இப்போது ஆர் இருக்கினம்? சண்டையில் இடம்பெயர்ந்து கொண்டாவிலில் ஒரு வீட்டின் பாதியில் இருக்கிறா. கடிதம் கொழும்பைச் சுற்றி மூன்று மாதத்தில் வந்து சேர்ந்தது. அதில் இப்படி எழுதியிருந்தா:

'பாக்கியம் மச்சாள், நீங்கள் அனுப்பின படம் கிடைச்சது. களிசானும் போட்டு, காதையும் மூடிக்கட்டி, பெரிய வாய் வைச்ச சிவப்பு மெசின் ஒண்டைத் தள்ளிக்கொண்டு நிக்கிறது நீங்கள்தானோ? படத்தைப் பாத்த சனமெல்லாம், சிறீதரன் பெத்த தாயைக் கூலி வேலைக்கு விட்டிட்டான் எண்டு கதைக்குதுகள். எனக்கு என்ன மறுமொழி சொல்லுறதெண்டு தெரியேல்லை.'

வாசித்துவிட்டுச் சிரித்தேன் பாருங்கோ, கட்டுப்பல் கழன்று மடியில் விழுந்துவிட்டது. பிறகு கோபம் வந்தது. பிறகு திரும்பவும் சிரிப்பு.

நான் மூன்றாம் வகுப்பு மட்டும்தான் படித்தனான். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பகல் வேணும். அவசரம் ஒன்றும் இல்லை, எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசியுங்கோ. ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். மகன் என்னை அந்த மெசினில் விடவில்லை. அவனிடமிருந்து அதைப் பிடுங்கி எடுக்க நான் பட்ட பாடு எனக்கும் பிள்ளையாருக்கும்தான் தெரியும்.

2

சினோ என்பது வானத்திலிருந்து விழுகிற பனி. விழும்போது இலவம்பஞ்சு மாதிரி, சத்தமே இல்லை. முதல் வருசம் யன்னலடியில் கதிரையைப் போட்டு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடிவென்றால் அப்படி ஒரு வடிவு. ஆனால் விழுந்த பிறகு அதை அள்ள வேணுமே! வீட்டு வாசலையும் கார் விடுகிற பாதையையும் மட்டுமல்ல, வீட்டுக்கு முன்னால் ஊர்ச்சனம் நடக்கிற தெருவோரத்தையும் வீட்டுக்காரர்தான் துப்புரவாக்க வேணும். இல்லையென்றால் நகரசபையிலிருந்து கடுதாசி வரும். எங்களுக்கும் ஒருக்கால் வந்தது. மருமகள் வசந்தி வாசித்துச் சொன்னாள், 'மாமி, எங்கட வாசலில ஆரும் சறுக்கி விழுந்தால் நாங்கள்தான் பொறுப்பாம்.'

'எங்கட வாசலில விழ அவைக்கு என்ன அலுவல்?' என்று கேட்டேன். 

இதில் பெரிய அநியாயம் ஒன்று இருக்கு. நீங்கள் எல்லாத்தையும் அள்ளி முடித்து உள்ளே வந்து தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பீர்கள். அப்பதான் தெருவில் பனி தள்ளுகிற பெரிய லொறி வரும். தெருப்பனி முழுவதையும் ஒதுக்கி, உங்கள் வாசலுக்கு நேரே முழங்கால் உயரத்துக்கு ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகும். அது பஞ்சு இல்லை, உப்பும் மண்ணும் சேர்ந்து இறுகின கட்டி. இந்த வரம்பை வெட்டப்போய்த்தான் போன மாரிக் குளிரில் மகன் சிறீயின் நாரி பிடித்தது, இடுப்பை நிமிர்த்த ஏலவில்லை. நாலு நாள் படுக்கை. டொக்டர், 'இனிமேல் பனி அள்ளுகிற சவள் பிடிக்கக்கூடாது' என்று சொல்லிவிட்டார்.

நான் பிடிக்கிறேன் என்று சொன்னேன். விட்டால்தானே!

'அம்மா, நீங்கள் சும்மா இருங்கோ. உங்களை வேலை செய்ய விடவோ கூப்பிட்டனான்?'

ஆறு வருசமாக இதுதான். சட்டி கழுவப் போனால் 'சும்மா இருங்கோ'. உடுப்புத் தோய்க்கப் போனால் அதற்கு ஒரு மெசின். சும்மா இருக்கிறதை விடக் கஸ்டமான வேலை இந்த நாட்டில் இல்லை. எனக்குக் கை கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இருந்தும் வீட்டில் ஒரு அலுமாரி மாதிரி என்னை மூலையில் வைத்திருந்தார்கள். தூசி தட்டுவார்கள், சாமான் எடுக்கமாட்டார்கள்.

3

சினோ எறிகிற மெசின் வாங்குவது என்று முடிவாகியது. நானும் வருவேன் என்று காரில் ஏறி இருந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டு மனுவேலிடம் முதலே விசாரித்து வைத்திருந்தேன். மனுவேல் போர்த்துக்கல்காரன், என் வயதுதான் இருக்கும், பெண்சாதி இல்லை. எனக்கும் இங்கிலீசு வராது, அவனுக்கும் அரைகுறைதான். ஆனால் சப்பாத்தைக் காட்டிச் சப்பாத்து என்றால் அவனுக்கு விளங்கும், யன்னலும் விளங்கும், சாவியும் விளங்கும், அவன் பாசையிலும் கிட்டத்தட்ட அதே சொல்லுத்தானாம். மிச்சத்துக்குக் கை இருக்கு. அவன் சைகையில் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். கரண்டில் ஓடுகிற சின்ன மெசின் மெல்லிய பஞ்சுச் சினோவுக்கு, சின்ன வாசலுக்குத்தான் சரி. லொறி கட்டுகிற வரம்புக்கு அது காணாது. அதற்கு இரண்டு அடுக்கு மெசின் வேணும். முன்னால் பல்லு வைத்த சுருள் ஒன்று அள்ளும், பின்னால் காத்தாடி ஒன்று அதை வாங்கிக் குழாயால் தூர எறியும்.

கடையில் சிறீ நேரே போய்க் கரண்டு மெசினுக்குப் பக்கத்தில் நின்றான்.

'அம்மா, இது பாரமில்லை. பெற்றோல் மணமும் இல்லை.'

'வயர்?'

'நீள வயர் இருக்கு.'

'வெள்ளைச் சினோவுக்குள்ள வயர் எங்க கிடக்குதெண்டு உனக்குத் தெரியுமோ? மெசின் தன்ர வயரைத் தானே திண்டிடும்.'

அவன் கடைக்காரப் பொடியனைப் பார்த்தான். பொடியனுக்கு நாங்கள் என்ன கதைக்கிறோம் என்று தெரியாது, என்றாலும் தலையை ஆட்டினான், என்னைப் பார்த்துத்தான்.

நான் ஒன்றும் தெரியாமல் கதைக்கவில்லை, கண்டியளோ. என் மனுசன் பதுளையில் கடை வைத்திருந்த காலம் முழுக்க, ஊரில் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணி இறைத்தது நான். மண்ணெண்ணை மெசின். கப்பியில் கயிற்றைச் சுற்றி ஒரே இழுவை. பிளக்கைக் கழற்றித் துடைக்கவும் தெரியும். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கடை எரிந்து மனுசன் வெறுங்கையோடு வந்து நின்றபோது, அந்த மெசின்தான் சோறு போட்டது. சிறீ அப்போது வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டுவிட்டான். அவனுக்கு நான் மெசின் இழுத்தது ஞாபகம் இல்லை. நான் சோறு போட்டதுதான் ஞாபகம்.

மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்க்கிறது எங்கள் வழக்கம். ஆகவே ஒவ்வொரு மெசினுக்கும் முன்னால் குந்தியிருந்து வாய்க்குள் பார்த்தேன். பல்லு இரும்போ தகரமோ, சுருள் ஆடுதோ, எறிகிற குழாயை நின்ற இடத்திலிருந்து திருப்ப ஏலுமோ, சில்லுக்குப் பிடிப்பு இருக்கோ, தானே நடக்குமோ, தள்ள வேணுமோ. வரும்போதே காருக்கும் வேலிக்கும் இடையில் எவ்வளவு அகலம் என்று கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். ஆக அகலமான மெசினுக்கு முன்னால் கயிற்றைப் பிடித்துக் காட்டினேன். நாலு விரல் கூட. சிறீக்கு அதுதான் விருப்பம். 'பிறகு வேலியை வெட்டுவியோ?' என்று கேட்டேன்.

கடைசியில் நடுத்தரமான சிவப்பு ஒன்று. அதன் பிடி சரியாக என் இடுப்புக்கு வந்தது. சிறீக்குக் கொஞ்சம் பதிவுதான், குனிய வேணும். அவன் கவனிக்கவில்லை. நான் சொல்லவுமில்லை.

4

வீட்டுக்கு வந்ததும் வசந்தி மெசினோடு வந்த புத்தகத்தை வாசித்தாள். நல்ல பிள்ளை, வரி வரியாகத் தமிழில் சொன்னாள். கார் விடுகிற கராச்சுக்குள் வைத்து ஸ்டார்ட் பண்ணக்கூடாது, புகை ஆளைக் கொல்லும். வெளியில், மெசின் ஆறின பிறகுதான் பெற்றோல் விட வேணும். ஆளுக்கும் காருக்கும் யன்னலுக்கும் நேரே எறியக்கூடாது, சினோவுக்குள் கல் இருந்தால் அதுவும் பறக்கும். பிடியில் இரண்டு நெம்பு இருக்கு. ஒன்றை அமத்தினால் நடக்கும், மற்றதை அமத்தினால் சுருள் சுற்றும். கையை விட்டால் இரண்டும் நிற்கும், சாவியை இழுத்தால் எஞ்சினே நிற்கும். தொங்குகிற உடுப்பு, சால்வை, ஒன்றும் ஆகாது.

'சீலை?' என்று கேட்டேன்.

'சீலை எண்டு எழுதேல்லை மாமி. எழுதினவங்களுக்கு உங்களைத் தெரியாதே.'

அடுத்த நாள் காலமை குளிர்பெட்டியின் கதவில் சிறீ ஒரு கடுதாசி ஒட்டியிருந்தான். 'அம்மா மெசினைத் தொடக் கூடாது.' எனக்கு விளங்க வேணும் என்று பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தான். நான் ஒரு பேனை எடுத்து, அதற்குக் கீழே, 'வாசித்தேன். பாக்கியம்' என்று எழுதிவிட்டேன். வசந்தி அதைக் கண்டு குசினிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சிறீ சிரிக்கவில்லை. 'அம்மா, ஆரும் கண்டால் என்ன கதைப்பினம்? தாயைப் பனி அள்ள விட்டிட்டு மகன் உள்ளுக்க படுத்திருக்கிறான் எண்டு சொல்லுவினம்.'

இப்போது மச்சாளின் கடிதத்தைப் பார்க்க, அவன் பயந்தது சரிதான் போல. அதற்காக நான் அலுமாரியாக இருக்கவோ?

5

புது மெசினைத் தேங்காய் உடைக்காமல் ஓட்டுகிறதோ? ஊரில் இறைப்பு மெசினுக்கே உடைத்தோம். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, மெசினை வாசலில் கிழக்கு முகமாக நிறுத்தி, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பிள்ளையாரை நினைத்து ஒரு தேங்காயை ஓங்கி அடித்தேன். சீமெந்து நிலம், நல்லாச் சிதறியது. சிதற்தேங்காய் சிதறினால் தடை எல்லாம் போகும். மனுவேல் தன் வாசலில் நின்று வாயைப் பிளந்து பார்த்தான். நான் கும்பிட்டேன். அவனும் கும்பிட்டான்.

சிதற்தேங்காயை அடித்தவள் பொறுக்கக்கூடாது. ஊரில் அடிக்கிற சத்தம் கேட்க முதலே பத்துப் பிள்ளைகள் வந்து நிற்கும், ஒரு துண்டு மிஞ்சாது. ஆகவே நான் வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்துவிட்டேன்.

இந்த நாட்டில் பொறுக்க ஆர் வருவார்கள் என்று ஒரு கணம் யோசித்தேனோ? இல்லை. ஆறு வருசம் இருந்தும் கைக்கு அந்த யோசனை வரவில்லை. அன்று பின்னேரம் சினோ தொடங்கியது. விடியும்போது ஒரு முழம்.

6

சனிக்கிழமை காலமை சிறீ போர்த்துக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டான். நான் யன்னலடியில்.

மெசின் ஓடத் தொடங்கியது. முதல் எறிவையே காற்றுக்கு எதிராக எறிந்தான். நெல்லுத் தூற்றினவளுக்கு அது தெரியும், அவனுக்குத் தெரியாது. எறிந்ததெல்லாம் திரும்பி வந்து அவன் தலையில் கொட்டியது. நான் கண்ணாடியில் தட்டி, மற்றப் பக்கம், மற்றப் பக்கம் என்று கை காட்டினேன். அவன் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவன் ஒரு காரியம் செய்தான். நெம்பை அமத்திப் பிடித்திருக்கக் கை விறைக்கிறது என்று, சணல் கயிறொன்றை எடுத்துச் சுருள் சுற்றுகிற நெம்பைப் பிடியோடு சேர்த்துக் கட்டிவிட்டான். அதாவது இனிக் கையை விட்டாலும் சுருள் நிற்காது. நான் கண்ணாடியில் இன்னும் பலமாகத் தட்டினேன்.

நாலடி போகவில்லை, 'கடக்' என்று ஒரு சத்தம். சுருள் நின்றுவிட்டது. எஞ்சின் ஓடுது. பின்னால் காத்தாடியும் சுற்றினபடி. சிறீ முன்னால் வந்து குனிந்து மெசினின் வாய்க்குள் பார்த்தான். பிறகு கையுறையைக் கழற்றினான்.

நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. காலில் வீட்டுச் செருப்பு, உடம்பில் பருத்திச் சீலை. 'தம்பி! கையை எடடா!' என்று கத்தினது மட்டும் நினைவிருக்கு. ஓடிப்போய் மெசினின் சாவியை இழுத்தெடுத்தேன். எஞ்சின் இருமி நின்றது. சிறீயின் கை மெசினின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

சத்தம் கேட்டு மனுவேல் வந்தான்.  வலக்கைக் கையுறையைக் கழற்றிச் சிறீயின் முகத்துக்கு நேரே காட்டினான். நடுவிரலும் மோதிரவிரலும் பாதியில் நின்றன. ஆறு மாரியாக அந்தக் கையைக் கையுறையோடும், கோடையில் சட்டைப்பைக்குள்ளும்தான் கண்டிருக்கிறேன். மற்றக் கையால் மெசினைக் காட்டி, விரலைச் சொடுக்கினான். அவ்வளவு நேரம்தான் எடுத்ததாம்.

சிறீ அப்படியே படியில் இருந்துவிட்டான். தன் விரல்களை மடித்தும் நீட்டியும் பார்த்தான்.

மனுவேல் விளக்குமாற்றுப் பிடியைக் கொண்டுவந்தான். எஞ்சின் நின்றாலும், சாவி எடுத்தாலும், கை போடக்கூடாது. இறுகினது விடுபடும்போது ஒரு உதை உதைக்கும் என்று சைகை காட்டி, தடியால் கிண்டிக் கிண்டி ஒன்றை வெளியே எடுத்தான்.

குடுமியோடு அரைத் தேங்காய்.

 மனுவேல் அதைத் திருப்பிப் பார்த்தான், மணந்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தி எடுத்து, ஒரு சொட்டுத் தேங்காயைக் கெல்லி, துடைத்து, வாயில் போட்டான். 'கோக்கோ!' என்று முகமெல்லாம் மலர்ந்து சொன்னான். அவன் பாசையில் தேங்காய்க்கு அதுதான் பேராக்கும். குனிந்து சினோவுக்குள் காலால் தட்டி இன்னும் இரண்டு துண்டு தேடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாருங்கோ, கடைசியில் பொறுக்க ஒரு ஆள் வந்திட்டுது!

'சிரியாதேங்கோ அம்மா. உங்கட தேங்காயாலதான் இவ்வளவும்.'

'ஓம். தேங்காய் என்ர பிழை. கயிறு ஆரின்ர பிழை?'

அவன் எழும்பி, சணல் கயிற்றை அவிழ்த்துக் குப்பையில் போட்டான். அதுதான் அவனுடைய மறுமொழி.

வசந்தி புத்தகத்தோடு வந்தாள். சுருளைத் தண்டோடு பூட்டுகிற சின்ன ஆணி ஒன்று இருக்காம். ஏதும் இறுகினால், பெரிய பல்லுச்சில்லு உடையாமல், அந்த ஆணி தான் உடைந்து மெசினைக் காப்பாற்றுமாம். அதற்கென்றே மெல்லிய இரும்பில் செய்கிறார்களாம், வேறு ஆணி போடக்கூடாதாம். பெட்டிக்குள் சின்னப் பையில் இரண்டு வைத்திருந்தார்கள். என்ன புத்தி பாருங்கோ! அந்த ஆணியைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தேன். மெசின் செய்தவன் நல்ல தாய்க்குப் பிறந்தவனாக இருக்க வேணும்.

சிறீ குனிந்து பூட்டப் பார்த்தான். நாரி பிடித்தது. 'ஆ' என்றபடி பாதியில் நின்றான்.

'தள்ளு,' என்றேன்.

'அம்மா...'

'தள்ளடா தம்பி. சாவி என்ர கையில.'

உள்ளே போய்ச் சீலையைக் கழற்றி வைத்தேன். சிறீயின் தடித்த களிசானைப் போட்டு இடுப்பில் கயிறு கட்டி, கோட்டும் சப்பாத்தும் மாட்டி, காதையும் துணியால் மூடிக்கட்டினேன். அறுபத்தேழு வயதில் முதல் களிசான்! இரண்டு கால் தனித்தனியாக நடக்கிறது என்ன சுகம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. வெளியே வர வசந்தி, 'மாமி, வடிவு!' என்றாள். மனுவேல் தொப்பியைக் கழற்றினான்.

உடைந்த ஆணியைத் தட்டி எடுத்துப் புதியதைப் பூட்டினேன். சாவியைப் போட்டேன். எஞ்சினின் சோக்கை இழுத்தேன். ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றைப் பிடித்து மெதுவாக இழுத்தேன், பிடிப்பு வரும் இடம் மட்டும். அந்த இடம் வந்ததும், கால் ஊன்றி, ஒரே இழுவை. இருமியது. இரண்டாம் இழுவை. பிடித்தது! இங்கத்தைக் கயிறு தானே சுருண்டு உள்ளே போகுது, கப்பியில் சுற்றுகிற வேலையும் இல்லை.

குழாயைக் காற்றுப் போகிற பக்கம் திருப்பினேன். நெம்புகளை அமத்தினேன். மெசின் நடந்தது, நான் பின்னால் நடந்தேன். சினோ எழும்பி வளைந்து போய்ப் புல்லில் விழுந்தது. வெயிலில் அது மினுங்கின மினுக்கம்! லொறி கட்டின வரம்பை மெசின் கடித்துக் கடித்துத் துப்பியது. எனக்கு வாய் மூடவில்லை. சத்தமாகச் சிரித்துக்கொண்டே போனேன், எஞ்சின் சத்தத்தில் ஆருக்குக் கேட்கும்? நடுவில் ஒருக்கால், அங்கே ஊரில் ஒரு போத்தல் மண்ணெண்ணைக்குச் சனம் கியூவில் நிற்க நான் வானத்துத் தண்ணியை எறியப் பெற்றோல் எரிக்கிறேனே என்று நினைவு வந்தது. வந்தது உண்மை. ஆனாலும் கை நெம்பை விடவில்லை. எங்கள் வாசல் முடிந்து, தெருவோரம் முடிந்து, மனுவேலின் தெருவோரமும் முடித்துத்தான் திரும்பினேன். வசந்தி படம் பிடித்தது அப்போதுதான். மச்சாளுக்குப் போன படம் அதுதான்.

நிறுத்தினதும் சிறீ கையை நீட்டினான். சாவியைக் கொடுத்தேன்.

'இண்டைக்கு மட்டும்தான்,' என்று சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

 உள்ளே போய்க் களிசானை மடித்து என் அறையில் என் சீலைகளுக்கு மேல் வைத்தேன். அவனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

7

பிறகு பன்னிரண்டு நாள் சினோ இல்லை. இந்த நாட்டுக்கு வந்து நான் சினோ விழவேணும் என்று பிள்ளையாரிடம் கேட்டது அந்தப் பன்னிரண்டு நாளும்தான். சிறீ மெசினைப் பற்றிக் கதைக்கவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது மட்டும் திடீரென்று, 'அம்மா, ஊரில தோட்டத்துக்கு இறைச்சது நீங்களோ? நான் அது கூலிக்கு ஆள் வைச்சு இறைச்சதெண்டு நினைச்சிருந்தனான்,' என்று கேட்டான்.

'ஆளுக்குக் கூலி குடுக்க உன்ர அப்பர் பதுளையில தங்கமோ வித்தவர்?'

அவன் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தான்.

பதின்மூன்றாம் நாள், நல்லா விடிந்து, நான் முகம் கழுவித் திருநீறு பூசிக் குசினியில் கதிரையில் இருக்கிறேன். தண்ணி கொதிக்குது. சிறீ வேலைக்கு வெளிக்கிட்டபடி வந்து நின்றான். கழுத்தில் சால்வை, கையில் சாப்பாட்டுப் பெட்டி. யன்னலுக்கு வெளியே வேலி பாதிதான் தெரிந்தது.

அவன் சட்டைப்பைக்குள் கையை விட்டு, சாவியை எடுத்து, மேசையில் என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான்.

'அம்மா, கார் வெளியில எடுக்க ஏலாமல் கிடக்கு. எனக்கு வேலைக்குப் பிந்துது. கொஞ்சம் கெதியா...'

நான் அவனைப் பார்த்தேன். சாவியைப் பார்த்தேன்.

'இரு தம்பி,' என்றேன். 'தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்.'

கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான். நான் சீனியைக் கையில் வைத்துக்கொண்டு, நாக்கில் ஒரு துளி, ஒரு மிடறு தேத்தண்ணி, பிறகு ஒரு துளி, ஒரு மிடறு என்று, கோப்பை முடியும்வரை ஆறுதலாகக் குடித்தேன். அவன் சும்மா இருந்தான்.